மணி அடித்தால் யார் வருவார்?

சிரம்பானிலிருந்து தம்பின் நோக்கிச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில், ரெம்பாவ் பட்டணத்தை எட்டுவதற்கு முன்னே அமைந்த சிற்றூர் பெடாஸ். வெந்நீர் ஊற்றினாற் பெயர் பெற்றது. ஊரைச் சுற்றி முன்னாளில் ரப்பர் மரங்கள் அடர்ந்திருந்தன. இந்நாளில் அவற்றிற் பல செம்பனைக்கு இடம் தந்துவிட்டன. அத்தோட்டங்களின் லயங்களிலே பிறந்து, பால்வெட்டிப் பிழைத்த குடும்பங்கள், பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, தாமான் எனப்படும் குடியிருப்புகளிற் சொந்த வீடு வாங்கிக் குடியேறுகின்றன. லயத்து வீடு தோட்டத்தாருடையது. வேலை உள்ள வரையில்தான் அதில் இடம். தாமான் வீடோ சேமநிதிப் பணத்தையும் வங்கிக் கடனையும் போட்டு வாங்கியது. வாழ்நாள் உழைப்பெல்லாம் நான்கு சுவர்களாக நிற்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

பால் காய்ச்சிக் குடிபுகுந்த சில நாட்களுக்குள் அவ்வீட்டாருக்கு ஓர் அச்சம் பிறக்கிறது. பகலில் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள். வயதான தாயார் மட்டும் வீட்டில் இருக்கிறார். பக்கத்து வீட்டார் யாரென்று இன்னும் தெரியாது. இந்நிலையில், ‘திருடன் வந்தால் ஊரே கேட்கும்படி அலறும் கருவி இருக்கிறது’ என்று ஒருவர் விலைப்பட்டியலை நீட்டினால், அதை வாங்கத் தோன்றுவது இயல்பே. ஆயின் எந்தக் கருவியை வாங்குவது என்பதற்கு முன்னே எழவேண்டிய வினா ஒன்றுண்டு. அம்மணி அடித்தால் யார் வருவார்? இவ்வினாவுக்கு விடை கண்ட பின்னரே கருவியைத் தேர்தல் முறையாகும்.

லயத்தில் இவ்வினா எழுந்ததில்லை. ஒரு வீட்டுக்கும் மறுவீட்டுக்கும் இடையே ஒரு பலகைச் சுவரே இருந்தது. குழந்தை இருமினாலும் அடுத்த வீட்டில் கேட்கும். விடியற்காலைப் பெரட்டு மணிக்கு எல்லாரும் ஒருங்கே எழுந்தனர். யாரேனும் கூக்குரலிட்டால் லயமே திரண்டு வந்தது. தாமானில் செங்கற்சுவரும் மூடிய ஜன்னலும் குளிர்சாதனத்தின் இரைச்சலும் அக்குரலைத் தடுக்கின்றன. இழந்துபோன அக்குரலுக்கு மாற்றாகவே மின்கருவி வருகிறது. எனவே அஃது எத்துணை உரக்க ஒலிக்கிறது என்பதோடு, யார் செவியில் விழுகிறது என்பதையும் நோக்க வேண்டும்.

பழந்தமிழர் கண்ட காவல்

‘ஏமம்’ என்னும் பழஞ்சொல்லுக்குக் காவல் என்றும் இன்பம் என்றும் இருபொருள் உண்டு. காவல் உள்ள இடத்திலேதான் இன்பம் நிலைக்கும் என்னும் உணர்வு அச்சொல்லிற் பொதிந்து கிடக்கிறது.

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக் காஞ்சி, மதுரை மாநகரின் நள்ளிரவைக் காட்டுமிடத்து, கள்வரையும் ஊர்காப்பாளரையும் ஒருங்கே காட்டுகிறது. கள்வர் இருளோடு கலக்கும் நிறத்தில் உடுத்திருக்கின்றனர். இடையில் நூலேணியைச் சுற்றியிருக்கின்றனர். நிலம் அகழ உளி வைத்திருக்கின்றனர். காவலரோ கள்வரின் போக்கை நூல்வழி அறிந்தவர்கள்; தெருவிலே நீர் பெருகியோடும் மழை நள்ளிரவிலும் சோர்வின்றிச் சுற்றி வருபவர்கள். இக்காட்சியில் இரு கருத்துகள் புலனாகின்றன. கள்வன் எவ்வழி வருவான் என்று அறிந்தவனே காக்க வல்லவன் என்பது ஒன்று. மழை பெய்தாலும் காவல் நிற்றலாகாது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் அளவுகோலாகக் கொண்டு இன்றைய மின்கருவியையும் மதிப்பிடலாம்.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், கள்வர் துணையாகக் கொள்வன எட்டு என்று பொற்கொல்லன் எடுத்துரைக்கிறான். அவற்றுள் மந்திரமும் தெய்வமும் இன்று பேச்சில் இல்லை. இடம், காலம், கருவி என்னும் மூன்றும் இன்றும் கள்வனுக்குத் துணை நிற்கின்றன. அவற்றை அத்துணை நுணுக்கமாக விரித்துரைத்த பொற்கொல்லனே சிலம்பைத் திருடியவன் என்பதும் நினைவிற் கொள்ளத் தக்கது. உள்வழி அறிந்தவனால் வரும் கேடு வெளியாளால் வரும் கேட்டினும் பெரிது.

சோழர்காலக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்னும் சொல் பயில்கிறது. ஊர்க்காவலையும் அதன்பொருட்டு ஊரார் செலுத்திய வரியையும் அது குறித்தது. காவலுக்கு உரிய செலவை ஊர் ஒன்றுகூடி ஏற்றது என்பதே இதன் பொருள்.

மலாயாத் தோட்டங்களில் ஜாகா எனப்படும் காவற்காரர் இருந்தனர். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் பல தோட்டங்களின் லயங்கள் ஓரிடத்தில் திரட்டப்பெற்று, சுற்றிலும் முள்வேலி எழுந்தது, ஊரடங்கு நடப்பிலிருந்தது, சிறப்புக் காவலர் வாயிலில் நின்றனர். ஆயினும் காட்டிலிருந்த போராளிகளுக்கு உணவு போகாமல் தடுப்பதே அவ்வேலியின் தலையாய நோக்கம். அதனுள்ளே வாழ்ந்த தொழிலாளியின் பெட்டியையும் சட்டியையும் காத்துக்கொண்டது அண்டை வீட்டாரின் கண்தான்.

மின்மணி பிறந்த கதை

வீட்டுக் கதவோடு மின்மணியை இணைக்கும் முறைக்கு அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த அகஸ்டஸ் போப் என்பவர் 1853ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் காப்புரிமை பெற்றார். கதவோ ஜன்னலோ திறந்தால் மின்சுற்று முழுமை பெறும், மின்காந்தம் இயங்கிச் சுத்தியலை அசைக்கும், மணி ஒலிக்கும். 1857இல் எட்வின் ஹோம்ஸ் என்னும் வணிகர் அவ்வுரிமையை விலைக்கு வாங்கி, பாஸ்டனிலும் பின்னர் நியூயார்க்கிலும் பரப்பினார்.

வீட்டில் மணி அடித்தாலும் வீட்டார் ஊரில் இல்லையெனில் பயன் என்ன என்னும் கேள்வி ஹோம்ஸ் குடும்பத்தாருக்கு விரைவில் எழுந்தது. ஆகவே பல வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் கம்பிகளை ஒரு நடுநிலையத்துக்குக் கொண்டுவந்து, அங்கே இரவு முழுதும் ஓர் ஆளை விழித்திருக்கச் செய்தனர். 1877இல் பாஸ்டனில் அக்கம்பிகளிலேயே தொலைபேசியை இணைத்துப் பேசியும் பார்த்தனர். மணி மட்டும் போதாது, அதைக் கேட்டுப் புறப்படும் ஆளும் வேண்டும் என்பதை அத்தொழிலின் முன்னோடிகளே கண்டுகொண்டனர். இக்காலத்து நிறுவனங்கள் நடத்தும் கண்காணிப்பு நிலையங்கள் அந்நடுநிலையத்தின் வழிவந்தவையே.

கருவியின் உறுப்புகள்

இன்று விற்கப்பெறும் அலாரத்தில் நான்கு உறுப்புகள் உண்டு. உணரும் உறுப்பு, முடிவு செய்யும் பெட்டி, ஒலிக்கும் சைரன், வெளியாருக்குச் செய்தி சொல்லும் தொடர்பு என்பன அவை. கடைக்காரர் ‘சென்சர்’ என்று சொல்வது உணரும் உறுப்பையே.

கதவில் பொருத்தும் உணரி மிக எளிமையானது. கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு மெல்லிய இரும்புக் கலவைத் தகடுகள் இருக்கும். கதவில் உள்ள சிறு காந்தம் அருகில் இருக்கும்போது அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். கதவு திறந்து காந்தம் விலகியதும் பிரியும். இவ்வமைப்பை 1936இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வால்டர் எல்வுட் கண்டுபிடித்தார். இங்கு ஒரு நுட்பம் கவனித்தற்குரியது. போப்பின் மணியில் மின்சுற்று மூடினால் ஒலி எழுந்தது. எனவே கள்வன் கம்பியை அறுத்துவிட்டால் மணி ஊமையாகிவிடும். இக்காலக் கதவு உணரியிலோ மின்னோட்டம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அது தடைப்பட்டால்தான் ஒலி எழும். கதவைத் திறந்தாலும் தடைப்படும். கம்பியை அறுத்தாலும் தடைப்படும். அறிவியல் வகுப்பில் ஒரு மின்கலமும் ஒரு காந்தமும் கொண்டு இவ்வேறுபாட்டை மாணவர்க்குச் செய்து காட்டலாம்.

அறைக்குள் நடமாட்டத்தை அறியும் உணரி வேறு வகைப்பட்டது. மனித உடலிலிருந்து கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர் வெளிப்படுகிறது. அவ்வுணரியின் முகத்திலுள்ள வில்லை அறையைப் பல பட்டைகளாகப் பிரிக்கிறது. ஓர் உடல் ஒரு பட்டையிலிருந்து மறு பட்டைக்குக் கடக்கும்போது ஏற்படும் வெப்ப மாற்றத்தையே கருவி உணர்கிறது. ஆதலால் தனக்குக் குறுக்கே நடப்பவனை அது எளிதில் அறியும். தன்னை நோக்கி நேரே வருபவனை அறிவதில் சற்றுச் சுணங்கும். வாயிலுக்கு நேரெதிரே மாட்டாமல், நடக்கும் வழியைப் பக்கவாட்டில் நோக்கும் மூலையில் மாட்டுவது இக்காரணத்தால் நன்று. கண்ணாடி வழியாக அவ்வெப்பம் ஊடுருவாது. எனவே வீட்டினுள் மாட்டிய உணரி ஜன்னலுக்கு வெளியே நிற்பவனை அறியமாட்டாது.

பெடாஸ் வீட்டின் இயல்பு

குளிர்நாட்டு வீட்டுக்கென வகுத்த முறைகள் யாவும் நெகிரி செம்பிலான் வீட்டுக்கு அப்படியே பொருந்துவதில்லை. சூழலின் வேறுபாடுகளை ஒவ்வொன்றாக நோக்குதல் வேண்டும்.

முதலாவது வெப்பம். நடமாட்ட உணரி உடலுக்கும் சுவருக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டை நம்பி இயங்குவது. துத்தநாகக் கூரை வேய்ந்த பின்கட்டில் நடுப்பகலிற் சுவரின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கிவிடும். அப்போது உணரியின் கூர்மை மங்கும். வீடு காலியாக இருப்பதும் அந்நடுப்பகலிலேதான்.  கதவுக்குக் காந்த உணரியும் இருத்தல் நலம்.

இரண்டாவது சிற்றுயிர்கள். பல்லி ஒன்று உணரியின் வில்லை மேலேயே ஊர்ந்தால் கருவிக்கு அது பெரும் உருவமாகத் தோன்றும். எறும்பு சைரன் பெட்டிக்குள் கூடு கட்டும். உணரியைச் சுவரோடு ஒட்டி இடைவெளியின்றிப் பொருத்துவதும், கம்பி நுழையும் துளையை அடைப்பதும், மாதம் ஒருமுறை துடைப்பதும் பொய்யொலியைப் பெரிதும் குறைக்கும்.

மூன்றாவது ஜன்னல். கண்ணாடிப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஜன்னல்கள் இந்நாட்டுப் பழைய வீடுகளில் மிகுதி. அப்பட்டைகளை உடைக்காமலே ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட முடியும். கண்ணாடி உடையும் ஓசையைக் கேட்டு ஒலிக்கும் உணரி அங்கே வீண் செலவு. ஜன்னலுக்கு உறுதியான இரும்புக் கிரில், அறைக்குள் நடமாட்ட உணரி என்னும் இரண்டுமே அங்குப் பொருந்தும்.

நான்காவது கூரை. வரிசை வீடுகளில் ஓட்டைப் பெயர்த்து, உட்கூரைப் பலகையை அகற்றி இறங்குதல் இயலும். சில பழைய வரிசைகளில் வீடுகளுக்கு இடையேயுள்ள சுவர் கூரைவரை எழாமல் நின்றுவிடும். பக்கத்து வீடு காலியாக இருந்தால் அதன் வழியே வந்துவிடலாம். வாங்கிய வீட்டின் உட்கூரைக்கு மேலே ஏணி வைத்து ஒருமுறை எட்டிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. கதவுகளை மட்டும் காக்கும் அலாரம், கூரை வழி வருபவனைக் கதவு திறந்து வெளியேறும் நேரத்தில்தான் அறியும்.

ஐந்தாவது இடி. தீபகற்பத்தின் மேற்குப் பகுதி உலகில் இடிமின்னல் மிகுந்த நிலப்பகுதிகளுள் ஒன்று. மின்னல் வீட்டின் மேல் விழவேண்டும் என்பதில்லை; அண்மையில் விழுந்தாலே மின்கம்பி வழியாகவும் தொலைபேசிக் கம்பி வழியாகவும் பாய்ச்சல் வந்து பெட்டியைச் சுட்டுவிடும். பாய்ச்சலைத் தடுக்கும் காப்பும் நல்ல நிலத்தொடர்பும் இல்லாத வீட்டில் விலையுயர்ந்த கருவி ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவது அரிது. மழை நள்ளிரவிலும் தெருவில் நின்ற மதுரைக் காவலரின் தகுதி இந்த மின்காவலனுக்கும் வேண்டும்.

கம்பியா, கம்பியில்லா முறையா?

வீடு வாங்கிய புதிதில்தான் இவ்வினாவுக்கு எளிதாக விடை கூறலாம். சுவரைப் பூசி வண்ணமடிக்கும் முன்னர் குழாய் பதித்துக் கம்பி இழுத்துவிட்டால், அது பல்லாண்டு உழைக்கும். உணரிதோறும் பேட்டரி மாற்றும் தொல்லையும் இல்லை. வேலை முடிந்து குடிபுகுந்த பின்னர் சுவரை உடைக்க மனம் வராது. அப்போது கம்பியில்லா முறையே வழி. அதில் ஒவ்வோர் உணரிக்கும் தனிப் பேட்டரி உண்டு; அது தளரும்போது பெட்டி முன்கூட்டி அறிவிக்க வேண்டும். செங்கற்சுவர் பலவற்றைக் கடந்து அலை எட்டுகிறதா என்பதைப் பொருத்தும் நாளிலேயே சோதிக்க வேண்டும். கையிலுள்ள திறப்பான் ஒவ்வொரு முறையும் புதிய குறியை அனுப்பும் வகையாக இருத்தல் வேண்டும். ஒரே குறியைத் திரும்பத் திரும்ப அனுப்பும் பழைய வகையைப் பிறர் படியெடுப்பது எளிது. மலேசியாவில் விற்கும் கம்பியில்லாக் கருவிகளுக்குச் சிரிம் சான்று முத்திரை உண்டு. அஃது இருக்கிறதா என்று பார்த்து வாங்குக.

மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? பெட்டிக்குள் வழக்கமாக 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும். அதன் கொள்ளளவு 7 ஆம்பியர்-மணி என்றும், கருவி வாளாவிருக்கும்போது 0.35 ஆம்பியர் இழுக்கிறது என்றும் கொண்டால், 7ஐ 0.35ஆல் வகுக்கக் கிடைப்பது 20 மணி நேரம். இது கணக்கின்படி கிடைக்கும் அளவு. பேட்டரி பழகப் பழகவும் வெப்பம் மிகவும் இது குறையும். தீபாவளிக்கு மூன்று நாள் வெளியூர் போகும் குடும்பத்தின் வீட்டில், முதல் நாளே மின்சாரம் தடைப்பட்டால் மூன்றாம் நாள் அலாரம் இராது. ஆதலால் மின்தடையையும் பேட்டரித் தளர்ச்சியையும் உரிமையாளரின் கைப்பேசிக்குச் சொல்லும் வகையே ஏற்றது.

அச்செய்தி எவ்வழிச் செல்கிறது என்பதும் முதன்மையானது. வீட்டு இணையத்தை மட்டும் நம்பிய கருவி, மின்சாரம் நின்றதும் இணையப் பெட்டியோடு சேர்ந்து ஊமையாகும். கைப்பேசி அட்டை கொண்ட இரண்டாம் வழியும் வேண்டும். மலேசியாவில் மூன்றாம் தலைமுறைக் கைப்பேசிச் சேவை 2021ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பெற்றது. அதை நம்பிய பழைய கருவியை மலிவாக யாரேனும் தந்தால், அது நான்காம் தலைமுறைச் சேவையில் இயங்குமா என்று கேட்டறிந்த பின்னரே வாங்க வேண்டும்.

கேட்பவர் யார்?

ஒரு மீட்டர் தொலைவில் 110 டெசிபெல் ஒலிக்கும் சைரனை எடுத்துக்கொள்ளலாம். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்தோறும் ஒலி 6 டெசிபெல் குறையும். 2 மீட்டரில் 104, 4 மீட்டரில் 98, 8 மீட்டரில் 92, 16 மீட்டரில் 86, 32 மீட்டரில் 80 என இறங்கும். இருபதடி அகலமுள்ள வரிசை வீடுகளில் 32 மீட்டர் என்பது ஐந்து வீட்டுத் தொலைவு. இடையிற் சுவரும் மூடிய ஜன்னலும் வந்தால் இன்னும் மிகக் குறையும். ஆகவே சைரனின் ஒலி உண்மையிற் சென்றடைவது இருபுறமும் சில வீடுகளையும் எதிர்வரிசையையுமே. அவ்வீட்டாரே அம்மணிக்கு உரிய செவிகள்.

அவர்கள் செவியை மழுங்கச் செய்வது பொய்யொலி. ‘புலி வருகிறது’ என்று விளையாட்டாகக் கூவிய ஆட்டிடையச் சிறுவன் கதை எல்லாப் பிள்ளைகளும் அறிந்தது. வாரம் இருமுறை காரணமின்றி அலறும் வீட்டுக்கு மூன்றாவது மாதத்தில் யாரும் திரும்பிப் பாரார். பொய்யொலிகளுட் பல வீட்டார் தவற்றால் நேர்வனவே: அலாரத்தை நிறுத்தாமல் உள்ளே நுழைதல், மின்விசிறி ஓடும் அறையில் திரையை அசையவிடுதல், வாட்டமுற்ற பேட்டரியை மாற்றாமை. இவற்றைத் திருத்துவது உரிமையாளரின் கடமை; அண்டை வீட்டாருக்கு அவர் செய்யும் மரியாதையும் ஆகும்.

மலேசியாவில் 1975இல் தொடங்கிய ருக்குன் தெத்தாங்கா என்னும் அக்கம்பக்க அமைப்புக்கு 2012இல் தனிச் சட்டம் இயற்றப்பெற்றது. தாமானில் அவ்வமைப்பு இயங்குமாயின் புதுவீட்டார் அதிற் சேர்வது முதற்காவல். பாடிகாவலின் இன்றைய உருவமென அதனைக் கொள்ளலாம். திருநாட்களில் வெளியூர் செல்வோர், வீடு காலியாக இருக்கும் நாட்களைக் காவல் நிலையத்தில் படிவம் வழியாக அறிவித்துச் செல்லும்படி காவல்துறை கேட்டுக்கொள்வதும் உண்டு.

கட்டணம் பெற்றுக் கண்காணிக்கும் நிறுவனத்தை அமர்த்துவது மற்றொரு வழி. தனியார் காவல் நிறுவனங்கள் 1971ஆம் ஆண்டுத் தனியார் முகவாண்மைச் சட்டத்தின்கீழ் உள்துறை அமைச்சின் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். அத்தகையோரிடம் கையொப்பமிடும் முன் கேட்க வேண்டியவை சில. செய்தி எவ்வூர் நிலையத்துக்குப் போகிறது? அங்கிருந்து முதலில் யாரை அழைப்பார்கள்? வீட்டுக்கு ஆள் அனுப்புவார்களா, அன்றித் தொலைபேசியோடு நின்றுவிடுவார்களா? அனுப்பினால் பெடாஸ் வந்து சேர எத்துணை நேரமாகும்? ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? அது முடிந்த பின் கருவி வீட்டாருக்குச் சொந்தமா? பேட்டரி மாற்றும் செலவு யாருடையது? இவற்றுக்கு எழுத்தில் விடை தராத நிறுவனத்தை விலக்குவதே அறிவுடைமை.

பொருளைவிட உயிர் பெரிது

புதுவீட்டார் பலர் முதலில் செய்வது வாயிலுக்கும் ஜன்னலுக்கும் கிரில் போட்டுப் பூட்டுவது. அது வேண்டியதே. ஆயின் தீப்பிடித்த நேரத்தில் அப்பூட்டே உயிருக்கு எமனாகிறது. கிரிலைத் திறக்க இயலாமல் உள்ளேயே மாண்டவர்களின் செய்தி இந்நாட்டு நாளேடுகளிற் பன்முறை வந்துள்ளது. சாவியைக் கதவருகே உள்ளிருப்போர் கைக்கு எட்டும்படியும், வெளியிலிருந்து கம்பி விட்டு எடுக்க இயலாதபடியும் மாட்டி வைக்க வேண்டும். படுக்கையறைகளுட் குறைந்தது ஒன்றின் ஜன்னற் கிரில் உள்ளிருந்து திறக்கும்படி அமைதல் வேண்டும். திருடனுக்கு அலாரம் வாங்கும் வீட்டில் புகையை அறியும் உணரியும் கட்டாயம் இருக்க வேண்டும். உறங்குபவனைத் தீ எழுப்புவதில்லை. புகை அவனை மேலும் மயக்கிவிடும். கிரிலில் மின்சாரம் பாய்ச்சிக் கள்வனைத் தடுக்கலாம் என்று எண்ணுவோரும் உளர். அது வீட்டுப் பிள்ளையையே கொல்லக்கூடிய பேதைமை.

வீட்டில் ஆளிருக்கும்போது நேரும் கொள்ளை களவினும் கொடியது. ஆதலால் அலாரம் இருநிலையில் இயங்க வேண்டும். வீடு காலியாக இருக்கையில் எல்லா உணரிகளும் விழித்திருப்பது ஒரு நிலை. இரவில் உள்ளே நடமாட இடம் விட்டு, கதவுகளையும் பின்கட்டையும் மட்டும் காப்பது மற்றொரு நிலை. படுக்கையருகே அழுத்தினால் உடனே ஒலிக்கும் அபாயப் பொத்தான் ஒன்றும் வேண்டும். சைரன் ஒலித்த பின் கள்வனைத் துரத்திப் பிடிக்கப் போகாமல், அறைக்கதவைத் தாழிட்டு 999 எண்ணுக்கு அழைப்பதே தக்கது.

கருவியைத் தேரும்போது மகனின் விருப்பத்தையே நோக்குவது வழக்கம். பகலெல்லாம் அதனோடு இருப்பவர் தாயார். அவரால் இயக்க முடியாத அலாரம் ஒரு வாரத்துக்குள் நிறுத்தி வைக்கப்படும். பின்பு யாரும் அதை மீண்டும் போடமாட்டார்கள். வாங்கும் முன் கடையிலேயே தாயாரின் கையிற் கருவியைக் கொடுத்து, பிறர் உதவியின்றி மூன்று முறை போட்டு நிறுத்தச் சொல்ல வேண்டும். அவருக்கு எளிதாக வந்தால் வீட்டில் எல்லாருக்கும் வரும். செய்து காட்டி, செய்யவைத்து, திரும்பச் செய்யவைத்துக் கற்பிப்பது என்பது பள்ளிக்கு மட்டும் உரிய முறையன்று.

செய்ய வேண்டிய வரிசை

பிறர் வாழ்ந்த வீட்டை வாங்கியோர் முதற்கண் பூட்டுகள் அனைத்தையும் மாற்ற வேண்டும். முன்னிருந்தாரின் சாவி எத்தனை கைகளில் உள்ளது என்பதை யாரும் அறியார். வாயிற்கதவின் மின்திறப்பான் குறியையும், பழைய அலாரம் இருந்தால் அதன் இரகசிய எண்ணையும், பொருத்துநர் வைத்திருக்கும் எண்ணையும் மாற்ற வேண்டும். வீட்டைப் புதுப்பிக்க வந்தவர் கையில் சாவி இருந்ததாயின், வேலை முடிந்த பின் மீண்டும் ஒரு முறை மாற்றுவது தவறன்று. கமரா வைத்தால், அது விற்கும்போது இருந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்ற வேண்டும். கமரா காண்பது, அலாரம் கூவுவது. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

இரண்டாவதாக விளக்கும் கதவும். பின்புறச் சந்துக்கு வெளிச்சம், உறுதியான கீல், நல்ல தாழ்ப்பாள் ஆகியவை அலாரத்தினும் குறைந்த செலவில் கள்வனுக்கு உரிய இடத்தையும் காலத்தையும் கருவியையும் குறைத்துவிடும். மூன்றாவதாகவே அலாரம். அதுவும் முன்வாயில், பின்வாயில், நடுக்கூடம், பின்கட்டு ஆகிய நான்கிடங்களிற் சரியாக அமைந்தால், அறைதோறும் உணரி நிறைத்த விலையுயர்ந்த தொகுதியினும் சிறு வீட்டுக்குப் பயன் மிகுதி.

எல்லாம் பொருத்தி முடிந்த மறுநாள், பகல் நேரத்தில், இருபுறத்து வீட்டாரையும் எதிர்வீட்டாரையும் தேநீருக்கு அழைத்து அமர்த்தலாம். அவர் மலாய்க்காரராயினும் சீனராயினும் தமிழராயினும் சரி; ‘எங்கள் வீட்டில் இந்த ஓசை கேட்டால் என்னை இந்த எண்ணில் அழையுங்கள்’ என்று சொல்லி, சைரனை ஒருமுறை ஒலிக்கவிட்டுக் காட்டலாம். அவர்கள் வீட்டு எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். தாயாரையும் அவர்களுக்கு அறிமுகம் செய்துவைக்கலாம். மறுவாரம் அவர் வாசலில் நிற்கும்போது எதிர்வீட்டம்மாள் நலம் விசாரிப்பாராயின், மணி அடித்தால் யார் வருவார் என்னும் வினாவுக்கு அவ்வீட்டில் விடை கிடைத்துவிட்டது எனலாம்.